எதிர்க்காற்றில் முக்கால் மணி நேரம்

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி 5 நிமிடம்.
இதுவரை கிழித்துப் போட்ட தாள்கள்: மூன்று. இது நான்காவது.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மீட்டர் எழுதுவது. வணக்கம். இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பா நலமா இல்லையா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம், அதனால் அதை முதல் வரியிலேயே எழுத முடியவில்லை. அங்கே நீங்களும் சித்தியும் நலம் என்று நினைக்கிறேன். நலமாக இருந்துகொண்டே என்மேல் கோபமாகவும் இருப்பீர்கள் என்று தெரியும். போன் இருக்கும்போது இவன் ஏன் தாளைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று கேட்பீர்கள். என் போனில் அம்மா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். அது என் ஆபீஸ் ஸ்டிக்கர்தான், 'பழுது, பயன்படுத்தக் கூடாது' என்று அச்சடித்தது, என் பையிலிருந்தே எடுத்து ஒட்டினாள். "நீ வாயைத் தொறந்தா அண்ணன் தம்பி பிரியறாங்க. உக்காந்து எழுது. எழுதினா நடுவுல மூச்சு வாங்கும்போதாவது யோசிப்ப" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

இன்று மதியம் ஒன்று பத்துக்கு இங்கிருந்து உங்கள் ஊருக்கு ஒரு விமானம் கிளம்புகிறது. அதில் 23-ஏ என்ற ஜன்னலோர இருக்கை காலியாகப் போகும். அது அப்பாவுடையது. அதைக் காலியாக்கியவன் நான். விமானக் கம்பெனியும் இல்லை, விசா ஆபீசும் இல்லை, உங்கள் கௌரவமும் இல்லை, அப்பாவின் பிடிவாதமும் இல்லை. நான் சொன்ன ஒரு எண். அதுவும் சரியான எண். தப்பான எண்ணாக இருந்தால்கூட மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம், சரியானதை எப்படித் திருத்துவது?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே சண்டையை நீங்கள் இருவரும் வேறு வேறாகச் சொல்வதால் எங்காவது ஓர் இடத்தில் அதை ஒழுங்காக எழுதி வைத்தாக வேண்டும். நீங்கள் அந்த ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்த பிறகு நாலு தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். அப்பா அங்கே ஒரு தடவைகூட வந்ததில்லை. நாலாவது தடவை வந்துவிட்டுத் திரும்பும்போது, ஆறு வருடம் முன்பு, விமான நிலைய வாசலில் பெட்டி வண்டியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அடுத்தது உங்க முறை. நீங்க வந்தாத்தான் இனி நான் வருவேன்" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள், நான் பக்கத்தில் நின்றேன், அதற்கு நான் சாட்சி. ஆனால் சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் அப்பா வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். மூத்தவனிடம் முறை பேசுகிறானா என்று ஆரம்பித்தவர் ஆறு வருடமாக அதிலேயே நிற்கிறார். நீங்களும் லேசுப்பட்டவர் இல்லை. நாலு தடவை போனவன் அஞ்சாவது தடவையும் போனால் எனக்கு வீடு வாசல் இல்லையென்று ஊர் நினைக்கும் என்று சித்தியிடம் சொன்னதாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் நிற்கவில்லை. நீங்கள் அங்கே போன நாளிலிருந்து மாறாதது அது ஒன்றுதான். இங்கே மாலை ஆறரை ஆனதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, போனில் பேசுவதற்கு எதற்குச் சட்டை என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வார். "இப்பத்தான் அவன் கடைக்கு டீ வந்திருக்கும். சூடா ரெண்டு வாய் குடிக்கட்டும்" என்று ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு எண்ணை அழுத்துவார். 

இந்த ஒரு வருடமாக அந்தப் போன் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் அரை மணி நேரம் பேசியவர் இப்போது "சரி, சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்று மூன்று நிமிடத்தில் வைத்துவிடுகிறார். சித்தி அம்மாவிடம் வருத்தப்பட்டாளாம், பெரியவருக்கு எங்களோடு பேசவே பிடிக்கவில்லை போல என்று. அது அப்படியில்லை சித்தப்பா. இதைச் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடமும் அம்மாவிடமும் வாக்கு வாங்கியிருக்கிறார். நான் வாக்கை மீறுகிறேன். அப்பாவுக்கு இடது காது போய்விட்டது. முழுக்க. முப்பத்திரண்டு வருடம் கம்ப்ரசர் அறையில் நின்றவர், காதில் பஞ்சுகூட வைத்துக்கொண்டதில்லை. வலது காதில் பாதிதான் மிச்சம். நேரில் வலது பக்கம் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசினால் கேட்கிறது. போனில் உங்கள் குரல் அவருக்கு வெறும் இரைச்சல். நீங்கள் என்ன சொன்னாலும் எதற்கும் பொருந்துகிற மாதிரி "சரி, சரி" என்று வைத்திருக்கிறார். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம், அலமாரி இழுப்பறையில் தூங்குகிறது. வலது காதும் இப்படியே நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் நான் செய்த முதல் வேலை விமான டிக்கெட் தேடியது. அது மட்டும்தான் இந்த விஷயத்தில் நான் உருப்படியாகச் செய்தது.

அப்பா மசியவில்லை. மூன்று வாரம் நான் கத்தினேன், அம்மா கெஞ்சினாள். கடைசியில் அவரைக் கேட்காமலே டிக்கெட் போட்டு, அச்செடுத்து, சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்று நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிக்கெட்டை வரி வரியாகப் படித்தாராம். போவது: கிளம்பும் நேரம் ஒன்று பத்து, சேரும் நேரம் நாலு இருபத்தைந்து. திரும்புவது: கிளம்பும் நேரம் ஒன்றரை, சேரும் நேரம் இரவு ஒன்பது. விரலை மடக்கி எண்ணிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். "இங்க பாரு. போறதுக்கு மூணேகால் மணி நேரம். அங்கேருந்து வர்றதுக்கு ஏழரை மணி நேரம். சின்னவன் நாலு தடவையும் ஏழரை மணி நேரம் உக்காந்தா வந்தான்? அந்த முட்டி வலியை வச்சுக்கிட்டு?" அம்மா தலையை மட்டும் ஆட்டினாளாம். "நான் மூணேகால் மணி நேரம் போறதுக்கு ஆறு வருஷமா முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை அவரே இறக்கினாராம்.

நான் புதன்கிழமை மாலை வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. சட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில், குதிரை லாடம் மாதிரி ஒரு கழுத்துத் தலையணை. பயணத்தில் கழுத்தில் மாட்டிக்கொள்வார்களே, அது. அப்பா அவரே கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். இதெல்லாம் உங்களுக்கு எதற்குப்பா, ஜன்னல் சீட்டில் சாய்ந்துகொள்ளலாமே என்றேன். "எனக்கில்லடா, சின்னவனுக்கு. அடுத்த தடவை அவன் வர்றப்போ மாட்டிக்கிட்டு வரட்டும். ஏழரை மணி நேரம்னா சும்மாவா?" என்றார்.

ஏழரை என்று அவர் வாயில் வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அம்மா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். ஈ ஓட்டுகிறாள் என்று நினைத்தேன். சித்தப்பா, என் தொழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆலை ஆலையாகப் போய் பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர், தராசு எல்லாம் சரியான அளவு காட்டுகிறதா என்று சோதித்து, காட்டினால் பச்சை ஸ்டிக்கர், காட்டாவிட்டால் சிவப்பு. எல்லோரும் என்னை மீட்டர் என்று கூப்பிடுவதே அதனால்தானே. வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும் அம்மாவின் சமையல் தராசுக்கும்கூடப் பச்சை ஒட்டியிருக்கிறேன். ஒரு தப்பான எண் என் முன்னால் நடமாடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காலில் முள் குத்தினவன் மாதிரி ஆகிவிடுவேன். அதனால் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னேன். "ஏழரையும் இல்ல, மூணேகாலும் இல்லப்பா. டிக்கெட்டுல போட்டிருக்கறது அந்தந்த ஊர் மணி. அவங்க கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் பின்னாடி. அதைக் கூட்டிக் கழிச்சாத்தான் உண்மையான நேரம்."

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். நிறுத்தவில்லை. மேஜையில் கிடந்த கவர் ஒன்றின் பின்பக்கம் படம் வரைந்தேன். இடது பக்கம் நீங்கள், வலது பக்கம் நாங்கள், நடுவில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். தூரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆனால் பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது, ஆகையால் உங்கள் பக்கமிருந்து வருகிற விமானத்தைக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, இங்கிருந்து போகிற விமானத்தை முன்னாலிருந்து தடுக்கிறது என்று அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கினேன். எட்டாம் வகுப்புப் பையனுக்கே புரியும், அவ்வளவு தெளிவாக. அப்பாவுக்கும் புரிந்தது.

"அப்போ சின்னவன் வர்றது?"

"அஞ்சு மணி நேரம்பா."

"நான் போறது?"

"அஞ்சே முக்கால். காத்து வந்து—"

"காத்தை விடு" என்றார். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். அடுக்கிய சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கோபப்பட்டுத் தூக்கி எறிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொன்றையும் மடிப்புக் கலையாமல் எடுத்து அலமாரியில் வைத்தார். எடுத்துக்கொண்டே, சின்னவன் அஞ்சு மணி நேரம் வந்துவிட்டு ஏழரை மணி நேரம் வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தானா, அவனுக்குப் பின்னாலிருந்து தள்ள ஆள் இருக்கிறது, எனக்கு முன்னாலிருந்து தடுக்க ஆள் இருக்கிறது, இதில் நான் வந்துதான் தீர வேண்டுமாமா என்று சுவரிடம் சொன்னார். டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னார். கடைசியில் பெட்டியில் மிஞ்சியது அந்தத் தலையணை. அதை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இன்று வரை கழற்றவில்லை. செய்தி பார்க்கும்போதும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான். நேற்று கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், கழுத்துல என்ன அடிங்கய்யா என்று கேட்டார். "மகன் அடிச்சது" என்றார் அப்பா.

அதற்கு மேல் நான் செய்ததைச் சொல்லவே கூசுகிறது. உங்களுக்கு அந்த வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அப்பா வருகிறார் என்று அம்மா சித்தியிடம் சொல்லிவிட்டாள், பிறகு வராமல் போனால் நீங்கள் தப்பாக நினைப்பீர்களே என்று, காரணத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும் என்று, உங்கள் பக்கமிருந்து வருவது முக்கால் மணி நேரம் கம்மி, அதனால் அப்பா வரவில்லை என்று பதினெட்டு விநாடியில் சொல்லி முடித்தேன். பதினெட்டு விநாடியில் யாராலும் இவ்வளவு நாசம் பண்ண முடியாது. முக்கால் மணி நேரத்துக்கு என் அண்ணன் கணக்குப் பார்க்கிறாரா என்று நீங்கள் சாப்பிடாமல் எழுந்துவிட்டதாகச் சித்தி சொன்னாள். ஆனாலும் கோபத்திலும் நீங்கள் ஒரு நல்ல பாயிண்டைச் சொல்லியனுப்பினீர்கள்: வருகிறவன் திரும்பியும் போக வேண்டும், யார் கிளம்பினாலும் போக வர மொத்தம் பத்தே முக்கால் மணி நேரம்தானே. எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் அப்பாவின் வலது பக்கம் நின்று சொன்னேன், மொத்தம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்று. அப்பா தலையணையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "போறப்போ ஆசையா போறோம். திரும்புறப்போ சும்மா வர்றோம். ரெண்டும் ஒண்ணாடா உனக்கு?" என்றார்.

அதற்கும் அடங்காமல் வெள்ளிக்கிழமை இன்னொரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு பேரும் கிளம்புங்கள், நடுவில் சந்தியுங்கள், யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டாம். காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஒரே நேரத்தில் வந்து சேர்கிற புள்ளியைக் கண்டுபிடித்தேன். அது நடு மையத்திலிருந்து கொஞ்சம் எங்கள் பக்கமாகத் தள்ளி வருகிறது. அங்கே கடல். கணக்குப்படி நீங்கள் இருவரும் தண்ணீரில்தான் சந்திக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு ஊரைப் பிடிக்கலாம் என்று அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதுல சின்னவன் என்னைவிட எவ்வளவு தூரம் கூட வர்றான்?" இருநூற்று எழுபது கிலோமீட்டர்ப்பா என்றேன். "அவன் எதுக்குக் கூட வரணும்? அதெல்லாம் வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாவின் மனது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, அவருடைய வாதத்தில் முரண்பாடு இருக்கிறது என்று சுட்டிக்காட்டினேன். அப்போதுதான் அம்மா சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தாள்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாயா என்று நேற்றும் அப்பா கேட்டார். போய்க்கொண்டிருக்கிறது என்றேன். உண்மையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். ரத்துக்குக் காரணம் என்ன என்று கேட்கிறது. உடல்நலம், வேலை, விசா, வானிலை, மற்றவை. உடல்நலம் என்று போட முடியாது, காதுக்காகத்தான் போகவே வேண்டும். வேலையும் இல்லை, விசாவும் கையில் இருக்கிறது. வானிலை என்று போடலாமா என்று யோசித்தேன், காற்றுதானே காரணம். மனசு கேட்கவில்லை. 'மற்றவை' என்று போட்டால் ஐம்பது எழுத்துக்குக் குறையாமல் விளக்கு என்கிறது. நான் ஒரு மடையன் என்பது ஐம்பது எழுத்து வரவில்லை.

ஆகையால் சித்தப்பா, விஷயத்துக்கு வருகிறேன். அஞ்சாவது தடவையும் நீங்களே வாருங்கள். உங்கள் முறை இல்லை, தெரியும். நியாயம் உங்கள் பக்கம், அதுவும் தெரியும். நியாயத்தைக் காதில் வாங்குவதற்கே அவருக்குக் காது இருக்காது போலிருக்கிறதே, அதற்காகக் கேட்கிறேன். வந்து வாசலில் நுழையும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஏழரை மணி நேரம் உக்காந்தே வந்தேன் அண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆமாம், பொய்தான் சொல்லச் சொல்கிறேன். நான் பக்கத்தில் நின்று ஆமாம் போடுவேன். நீங்கள் கடையில் எத்தனையோ பேருக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, இதுல தெரியுதா, அதுல தெரியுதா என்று கேட்பீர்கள். எனக்கு யாரும் அப்படி மாற்றிப் போட்டுக் காட்டவில்லை. மூணேகால், ஏழரை என்ற அந்தத் தப்புக் கண்ணாடியைப் போட்டபோதுதான் அப்பாவுக்கு உங்கள் முட்டி தெரிந்தது. நான் அதைப் பிடுங்கிவிட்டுச் சரியான கண்ணாடியை மாட்டினேன். இப்போது அவருக்குக் காற்று மட்டும்தான் தெரிகிறது. வருத்தமாக இருக்கிறது, வேறு என்ன சொல்ல.

சித்திக்கு என் வணக்கம். கோபம் தணிந்தால் எனக்கு உங்கள் ஆசீர்வாதம் வேண்டும். தணியாவிட்டால் சித்தியுடையது மட்டும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்,
மீட்டர்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். இப்போது மணி ஒன்பது இருபது. கவரை ஒட்டப் பசை தேடிக் கூடத்துக்கு வந்தேன். அப்பா வெளியே போகிற சட்டையில் நிற்கிறார். பக்கத்தில் பெட்டி, பூட்டியாகிவிட்டது. கழுத்தில் தலையணை. வாசலில் டாக்ஸி. எங்கேப்பா என்றேன். "டிக்கெட் இருக்குல்ல?" என்றார். இருக்கிறது என்றேன். நான் ரத்து செய்ய மாட்டேன் என்று அம்மா புதன்கிழமையே அவரிடம் சொல்லிவிட்டாளாம், இவன் காரணம் எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருப்பான் என்று. அம்மாதான் பெட்டியையும் அடுக்கியிருக்கிறாள். நான் அறையில் மடையன் என்று எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கூடத்தில் இவ்வளவும் நடந்திருக்கிறது.

இரண்டரை மணி நேர விஷயம் இப்போதாவது புரிந்ததாப்பா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டேய், பத்தொன்பது வருஷமா ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு அவனுக்குப் போன் பண்றேன். அங்க நாலு மணி, அவனுக்கு டீ வர்ற நேரம்னு தெரியாமயா பண்றேன்?"

"அப்போ ஏழரை மணி நேரம்னு சொன்னது?"

"ஆறு வருஷம் முறைச்சுட்டு சும்மா கிளம்பிப் போயிட முடியுமா? ஒரு சாக்கு வேணும்லடா. நானே தேடி, கஷ்டப்பட்டு ஒண்ணு புடிச்சேன். படம் போட்டு உடைச்சிட்டியே."

சரி, இப்போது என்ன சாக்கு என்று அம்மா கேட்டாள். அப்பா தலையணையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அவன் நாலு தடவை காத்து தள்ளி வந்தான். நான் ஒரு தடவை காத்தை எதிர்த்துப் போறேன். முக்கால் மணி நேரம் கூட. இதுக்குமேல அவன் என்ன முறை பேசுவான்?" என்றார். கடிதத்தைத் தபாலில் போட வேண்டாம், நானே கொடுத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினார். என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். நல்லா இருக்கீங்கன்னு எழுதியிருக்கேன்பா என்றேன். "இத்தனை பக்கமா?" என்றார். டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அப்பாவுக்கு அது கேட்கவில்லை. அதனால் இதை எழுத எனக்கு இரண்டு நிமிடம் கிடைத்திருக்கிறது. திருத்தி எழுத ஐந்தாவது தாளுக்கு நேரமில்லை, அதனால் மேலே உள்ளதையும் அப்படியே விட்டுவிடுகிறேன். இனி நான் செய்யப்போவது:

1. டாக்ஸியில் கூடப் போவது. அவருடைய வலது பக்கம் உட்கார்வது. வழியில் எந்த எண்ணையும் சொல்லாமல் இருப்பது.

2. அவர் உள்ளே போனதும் சித்திக்கு மட்டும் போன் செய்து, விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பச் சொல்வது. உங்களிடம் சொல்லக் கூடாது என்று அப்பாவின் உத்தரவு, உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். போனில் இருக்கிற சிவப்பு ஸ்டிக்கரை இதற்காகக் கழற்ற அம்மா அனுமதி கொடுத்திருக்கிறாள்.

3. தலையணையை அப்பா உங்களுக்குக் கொடுக்கும்போது நீங்கள் அதன் ஜிப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்று இங்கே எழுதி வைப்பது. உள்ளே காது மெஷின் இருக்கிறது. அம்மா வைத்தாள். நாங்கள் மாட்டச் சொன்னால் மாட்ட மாட்டார், தம்பி பேசுவது கேட்க வேண்டும் என்றால் ஒருவேளை மாட்டுவார்.

4. வீட்டுக்கு வந்து அந்த ரத்துப் பக்கத்தை மூடுவது.

5. திரும்பி வந்து எத்தனை மணி நேரம் பயணம் செய்தேன் என்று அப்பா என்ன சொன்னாலும், மூணேகால், ஏழரை, பதினெட்டு, எதுவாக இருந்தாலும் "ஆமாம்பா" என்பது.

6. இன்று நாலு மணிக்கு டீ வந்தபோது உங்களுக்குப் போன் வந்திருக்காது. அண்ணன் அதையும் நிறுத்திவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அவர் உங்கள் ஊருக்கு இருபத்தைந்து நிமிடம் முன்னால், காற்றை எதிர்த்துக்கொண்டு, உங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். இங்கே அப்போது ஆறரை. சட்டையை மாட்டிக்கொண்டு அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன்.